அந்த 37 சென்ட் யாருடைய காசு?

கேள்வி: அக்கா, நாங்கள் மினியாபொலிஸில் ஆறு வருடமாக இருக்கிறோம். வாராவாரம் போகும் கூட்டுறவு மளிகைக் கடையில் பணம் கட்டும்போது, "பில்லை முழு டாலராக ரவுண்ட் செய்து மீதியை இந்த மாதத் தொண்டு அமைப்புக்குக் கொடுக்கிறீர்களா?" என்று திரையில் கேட்கிறது. பாதி நாள் சரி என்று அழுத்துகிறேன். பாதி நாள் வேண்டாம் என்று அழுத்திவிட்டு, பின்னால் நிற்பவர் பார்த்திருப்பாரோ என்று கூசிப்போகிறேன். என் வீட்டுக்காரர், "நம்ம காசை வாங்கி அவன் வரியை மிச்சம் பிடிக்கிறான், கொடுக்காதே" என்கிறார். விருதுநகரிலிருந்து வந்திருக்கும் என் அம்மாவோ, "இது நம்ம ஊர் மகமைதானடி" என்று (ஊர்ப் பொதுக்காரியத்துக்காக வியாபாரத்தில் எடுத்து வைக்கும் பணத்தைச் சொல்கிறார்) தானே கையை நீட்டிச் சரி என்று அழுத்திவிடுகிறார். போன வாரம் 37 சென்ட் அப்படிப் போனது. அது எங்கே போகுது என்று என் ஒன்பது வயது மகள் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. இவர்களில் யார் சொல்வது சரி? எங்களுக்கு இதில் வரிச்சலுகை உண்டா? இன்னொன்றும் கேட்க வேண்டும். இங்கே இந்திய மளிகைக் கடை வைத்திருக்கும் தூத்துக்குடி அண்ணாச்சி, தன் கடையிலும் இதே மாதிரி பக்கத்தில் இருக்கும், கஷ்டப்படுகிறவர்களுக்கு இலவசமாக மளிகை கொடுக்கும் ஃபுட் ஷெல்ஃபுக்குச் செய்யலாமா என்று யோசிக்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

பதில்: முதலில் உங்கள் வீட்டுக்காரரை எடுத்துக்கொள்கிறேன். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை என் மேசைக்கு எதிரில் வரிக் கணக்கோடு உட்காருகிறவர்களில் எத்தனையோ பேர் இதையேதான் சொல்கிறார்கள், நன்றாகப் படித்தவர்கள், கணக்கில் கெட்டிக்காரர்கள் கூட. அவர் நினைப்பது தவறு. ஆனால் அவருக்கு வந்திருக்கும் சந்தேகம் நியாயமானது, அதனால் தவறு எங்கே என்று விவரமாகவே சொல்கிறேன்.

அந்த 37 சென்ட் போன பில்லைத் தேடி எடுத்துப் பாருங்கள். வெங்காயம், தயிர், முட்டை, கீரை என்று வரிசையாக வந்து 41.63 என்று ஒரு கூட்டல் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே 'டொனேஷன் 0.37' என்று தனி வரி, அப்புறம் மொத்தம் 42.00. அந்தத் தனி வரியில்தான் எல்லாம் இருக்கிறது. கடையின் கணக்கில் 41.63 விற்பனை வரவாகப் போகும். 37 சென்ட் விற்பனைக்குள் போகாது, 'கொடுக்க வேண்டியது' என்ற தலைப்பில் உட்காரும். நீங்கள் ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டு மாமி தன் மகளிடம் கொடுக்கச் சொல்லி ஒரு கவர் கொடுத்து அனுப்புகிறாரே, அதை உங்கள் பணம் என்று எங்கேயாவது எழுதுவீர்களா? அதே கதைதான். கடை வாங்கி வைத்திருக்கிறது, மாதக் கடைசியில் சேர்ந்ததை ஒரே காசோலையாக அந்த அமைப்புக்கு அனுப்புகிறது, தலைப்பு பூஜ்யத்துக்கு வருகிறது. தன் வருமானமாகவே வராத பணத்தைத் தன் நன்கொடையாகக் காட்டி வரியில் கழிக்க முடியாது. வீம்புக்கு வருமானமாகக் காட்டிவிட்டுக் கழித்தாலும் ஏறியதும் இறங்கியதும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும், ஒரு சென்ட் லாபம் கிடையாது.

அப்படியானால் கடைக்கு இதில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. நல்ல பெயர் கிடைக்கிறது. பெரிய காசோலை அட்டையைப் பிடித்துக்கொண்டு எடுக்கும் படத்தில் கடையின் பெயர்தான் பெரிதாகத் தெரிகிறது, அந்தப் பணத்தைப் போட்ட ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர் முகமும் அதில் இல்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு உறுத்துவது உண்மையில் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதோடு, எல்லாக் கடைத் திட்டமும் ஒன்றல்ல. "இந்தப் பையை வாங்கினால் ஒரு டாலர் தொண்டுக்குப் போகும்" என்று சில கடைகளில் எழுதியிருக்கும். அங்கே பை உங்களுடையது, டாலர் கடையுடையது, அதைக் கடை தன் வரியில் காட்டலாம். "நீங்கள் ரவுண்ட் செய்யும் ஒவ்வொரு டாலருக்கும் நாங்களும் ஒரு டாலர் போடுகிறோம்" என்றால் அவர்கள் போடும் பங்கை மட்டும் அவர்கள் காட்டலாம். இதையெல்லாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் 'அவன் வரியை மிச்சம் பிடிக்கிறான்' என்ற பேச்சு ஓயமாட்டேன் என்கிறது.

2022இல் ஒரு பெரிய மருந்துக் கடைச் சங்கிலி மேல் நியூயார்க்கில் வழக்கே போட்டார்கள். வரியைப் பற்றிய வழக்கு இல்லை அது. நிறுவனம் ஒரு நீரிழிவு அமைப்புக்கு 1 கோடி டாலர் தருவதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தது, வாடிக்கையாளர்கள் கல்லாவில் போட்ட பணத்தை வைத்தே அந்த வாக்கை நிறைவேற்றிக்கொள்கிறது என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. வழக்கு இருக்கட்டும், அதிலிருந்து நமக்கு உபயோகமாக ஒரு கேள்வி கிடைக்கிறது: நான் போடும் காசு, கடை தருவதாகச் சொன்னதற்கு மேல் கூடுதலாகப் போகிறதா, இல்லை அதை நிரப்பப் போகிறதா? தொகை எதையும் முன்கூட்டி அறிவிக்காமல், சேர்வது எல்லாம் அப்படியே போகும் என்று சொல்கிற கடையில் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. ஊர்க் கூட்டுறவுக் கடைகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

உங்கள் ஊரிலேயே இருக்கும் செவார்ட் கோ-ஆப்பைப் பாருங்கள். 'சீட்' (SEED) என்ற பெயரில் இதை நடத்துகிறார்கள். எந்த அமைப்புகளுக்குக் கொடுப்பது என்று கடையின் உறுப்பினர்களே, அதாவது கடையில் பங்கு வைத்திருக்கும் வாடிக்கையாளர்களே, ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். மாதம் ஒரு அமைப்பின் பெயர் கல்லாவில் இருக்கும். இப்படி நடக்கும் இடத்தில் நான் யோசிக்காமல் சரி என்று அழுத்துவேன்.

அந்தக் காசு போய்ச் சேரும் இடத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நான் கண்ணால் பார்க்கிற விஷயம். எங்கள் பக்கத்து ஃபுட் ஷெல்ஃப் ஒன்றில் ஏழு வருடமாகப் பொருளாளராக இருக்கிறேன். (மற்ற மாநிலங்களில் இருப்பவர்களுக்கு: நீங்கள் ஃபுட் பேன்ட்ரி என்பதைத்தான் மினசோட்டாவில் ஃபுட் ஷெல்ஃப் என்கிறோம்.) ஒரு வருடம் மார்ச் மாதம் முழுக்க ஒரு கடையில் எங்கள் பெயர் இருந்தது. ஏப்ரலில் கவர் வந்தது. உள்ளே 1,862 டாலர் 41 சென்ட்டுக்குக் காசோலை, கூடவே நாள்வாரியாக எத்தனை பேர் ரவுண்ட் செய்தார்கள் என்று ஒரு தாள். நன்கொடைக் காசோலைகள் வழக்கமாக 50, 100, 500 என்று முழுசாகத்தான் வரும். இப்படி 41 சென்ட் வாலோடு வந்ததைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். யாரோ வாங்கிய பால் பாக்கெட்டும் யாரோ வாங்கிய சோப்பும் சேர்ந்து போட்ட மிச்சம் அல்லவா அது.

அந்தப் பணத்தில் முட்டை வாங்கினோம். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டப்பாவில் அடைத்த பீன்ஸ், பாஸ்தா, சூப் எல்லாம் பொருளாகவே நன்கொடையாக வந்துவிடும், அலமாரி நிறையும். முட்டையும் பாலும் அப்படி வருவது குறைவு, காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பொருளாக நூறு பேர் கொடுத்தாலும் அங்கே பணத்துக்கு இருக்கும் இடம் வேறு. பெரிய அறக்கட்டளைகள் தரும் பணம் பெரும்பாலும் 'இதற்கு மட்டும்தான் செலவு செய்ய வேண்டும்' என்ற கட்டோடு வரும். கல்லாவில் சேர்ந்த காசுக்குப் பெரும்பாலும் அந்தக் கட்டு கிடையாது. குளிர்பெட்டி ரிப்பேரானால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடலாம். மினசோட்டாவின் ஃபுட் ஷெல்ஃபுகளுக்கு 2023இல் மட்டும் 75 லட்சம் தடவைக்கு மேல் மக்கள் வந்திருக்கிறார்கள். மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே சுமார் 57 லட்சம்தான். 2025 நவம்பரில் அரசு முடங்கி உணவு உதவித் தொகை தாமதமானபோது, எங்கள் கதவு திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே பனியில் வரிசை நின்றது.

இன்னொரு நன்மை வெளியே யாருக்கும் தெரியாது. ஒரு தொண்டு அமைப்பு 'பொதுத் தொண்டு நிறுவனம்' என்ற தகுதியை வைத்திருக்க வேண்டுமானால், ஐந்து வருடக் கணக்கில் அதன் ஆதரவில் பொதுவாக மூன்றில் ஒரு பங்காவது பரவலாகப் பொதுமக்களிடமிருந்து வந்ததாக இருக்க வேண்டும். ஒரே பெரிய மனிதர் அள்ளிக் கொடுத்தால், மொத்த ஆதரவில் 2 சதவீதத்துக்கு மேல் போகும் அவர் பங்கை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆயிரக்கணக்கான பேர் போட்ட சில்லறையோ அப்படியே முழுசாகச் சேரும். ஒரே பணக்காரரை நம்பி நிற்கும் சின்ன அமைப்புக்கு இந்தச் சில்லறை தொகைக்கு மீறிய பலம்.

குறையும் பார்த்திருக்கிறேன், மறைக்க மாட்டேன். வேறொரு கடை, பெயர் வேண்டாம், எங்கள் பெயரில் வசூலித்த பணத்தை நாலு மாதம் அனுப்பவே இல்லை. கேட்டால் தலைமை அலுவலகம் என்றார்கள், தலைமை அலுவலகத்தைக் கேட்டால் கிளை என்றார்கள். ஐந்தாவது மாதம் காசோலை வந்தது, எத்தனை பேர் எவ்வளவு போட்டார்கள் என்ற தாள் வரவில்லை. சரியான தொகைதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் அவர்கள் கூப்பிட்டபோது எங்கள் குழு வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. விருதுநகர் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரத்தோடு வியாபாரமாக எடுத்து வைத்த மகமையும், ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துப் பானையில் போட்டு வைத்த பிடி அரிசியும் சேர்ந்துதான் அந்த ஊருக்குப் பள்ளிக்கூடம் கொடுத்தது. க்ஷத்திரிய வித்தியாசாலா அது, காமராஜர் படித்த பள்ளி. வாங்கும்போதும் விற்கும்போதும், வலி தெரியாத அளவில், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் எடுத்து வைப்பது என்ற சூத்திரம் அப்படியே இதுதான். 2019இல் கெல்டிங், ராபின்சன், லட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள், "ஒரு டாலர் கொடுங்கள்" என்று கேட்பதைவிட "பில்லை ரவுண்ட் செய்யலாமா" என்று கேட்டால் கொடுப்பதன் வலி குறைவாகத் தெரிகிறது என்று ஆராய்ந்து எழுதினார்கள். பிடி அரிசி போட்ட பாட்டிமார்களுக்கு அது எப்போதோ தெரிந்திருந்தது.

ஆனால் அம்மாவிடம் ஒரு வித்தியாசத்தைச் சொல்லுங்கள். மகமைப் பணத்துக்கு உறவின்முறை என்ற ஊர்ச் சங்கம் இருந்தது, அதை நடத்தும் முறைகாரர்கள் இருந்தார்கள். பணம் போட்டவர் போய்க் கணக்குக் கேட்கலாம், பணத்தில் கட்டிய பள்ளிக்கூடம் தெருக்கோடியில் கண்ணுக்கு முன்னால் நின்றது. கல்லாத் திரையில் அது தானாக வராது, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். மாதம் ஒரு அமைப்பு என்று பெயர் போட்டு, போன மாதம் இவ்வளவு சேர்ந்தது என்று கதவருகே ஒட்டி வைக்கும் கடை மகமைக்குப் பக்கத்தில் வருகிறது. 'நல்ல காரியத்துக்காக' என்று மட்டும் கேட்டுவிட்டு எந்த அமைப்பு என்றே சொல்லாத கடையில் அம்மா அழுத்த வேண்டியதில்லை.

வரிக்கு வருவோம். அந்தப் பணம் உங்களுடையது என்பதால், சலுகை என்று ஒன்று இருந்தால் அதுவும் உங்களுக்குத்தான். முதலில் அளவைப் பாருங்கள். பில்லின் கடைசிச் சில்லறை 1 சென்ட்டிலிருந்து 99 வரை எதுவாகவும் வரலாம் என்பதால் சராசரியாகத் தடவைக்கு அரை டாலர் போகும். வாரம் இரண்டு தடவை கடைக்குப் போனால் வருடத்துக்கு 52 டாலர் சுமார். நன்கொடைகளைத் தனித்தனியாகப் பட்டியல் போட்டுக் கழிப்பவர்கள் குறைவு. 2026இல் தம்பதிக்கு, பட்டியல் போடாமலே கழித்துக்கொள்ளும் நிலையான தொகையான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 32,200 டாலர், பெரும்பாலான நம் குடும்பங்கள் அதையே எடுத்துக்கொள்கின்றன. அப்படி எடுப்பவர்களுக்கு 2022 முதல் 2025 வரை மத்திய வரியில் நன்கொடைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 2026 வரி ஆண்டிலிருந்து சட்டம் மாறியிருக்கிறது: பட்டியல் போடாதவர்களும் பணமாகக் கொடுத்த நன்கொடையில் தனிநபருக்கு 1,000, சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு 2,000 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம். பொதுத் தொண்டு நிறுவனத்துக்கு நேராகப் போன பணமாக இருக்க வேண்டும். பெரிய கடைச் சங்கிலி தன் சொந்த அறக்கட்டளைக்கே வசூலித்தால் அது எந்த வகை அறக்கட்டளை என்று பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். மினசோட்டா மாநில வரியிலும் பட்டியல் போடாதவர்கள், வருடத்தில் 500 டாலருக்கு மேல் கொடுத்திருந்தால், மேற்பட்ட தொகையில் பாதியைக் கழிக்க வழி இருக்கிறது.

ஆதாரம் வேண்டும். பணமாகக் கொடுத்தது எவ்வளவு சிறியதானாலும் மத்திய வரித் துறையான ஐ.ஆர்.எஸ். எழுத்தில் கேட்கும். பில்லில் அமைப்பின் பெயர், தேதி, தொகை மூன்றும் இருந்தால் ஒரு கவரில் போட்டு வைக்கலாம், மை மங்கும் தாள் என்பதால் ஃபோனில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் 'டொனேஷன்' என்று மட்டும் இருந்தால் நான் என் வாடிக்கையாளர் கணக்கில் அதை எழுத மாட்டேன். வெளிப்படையாகச் சொன்னால், 52 டாலருக்கு 22 சதவீத வரி அடுக்கில் மிச்சம் 11 டாலர், அதற்காக நூறு பில் சேர்ப்பது உங்களுக்கு வேலையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். வரிக்காக இதைச் செய்யாதீர்கள்.

நிஜமாகவே அந்த அமைப்புக்கு உதவ வேண்டும் என்று மனசு இருந்தால், உங்கள் வீட்டுக்காரரின் கம்பெனியில் நன்கொடைக்கு ஈடுபோடும் திட்டம் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். ஐடி நிறுவனங்கள் பலவற்றில் இருக்கிறது, நம் ஆட்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்ததே இல்லை. நீங்கள் நேராக 50 டாலர் கொடுத்து உங்கள் பெயரில் ரசீது வைத்திருந்தால் கம்பெனியும் 50 போடும், ஃபுட் ஷெல்ஃபுக்கு 100 போகும். கல்லாவில் ரவுண்ட் செய்த காசுக்கு உங்கள் பெயரில் ரசீது வராது என்பதால் இந்த ஈடு பெரும்பாலும் கிடைக்காது. அதே சமயம் 37 சென்ட்டை யாராலும் இணையத்தில் தனியாக அனுப்பவும் முடியாது. கார்டுக் கட்டணமே தடவைக்கு 30 சென்ட் போல நிலையாகப் பிடித்துக்கொள்ளும், மிஞ்சுவது ஐந்தோ ஆறோ சென்ட். மளிகை பில்லோடு சேர்ந்து போகும்போது அந்த நிலைக்கட்டணம் பில்லுக்கு ஏற்கெனவே போய்விட்டது, உங்கள் சில்லறை ஏறக்குறைய முழுசாகப் போகிறது. அதனால் இரண்டும் செய்யலாம், ஒன்று மற்றதற்குப் பகை இல்லை.

அந்தக் கூச்சம் பற்றி. வேண்டாம் என்று அழுத்துவது ஒரு குற்றமும் இல்லை. அது கேள்வி, கேள்விக்கு இரண்டு பதில் உண்டு. மாதம் முழுக்க இழுத்துப் பிடித்து நடத்தும் வீட்டில் 52 டாலர் என்பது குழந்தையின் குளிர்கால ஷூ. பின்னால் நிற்பவர் உங்கள் திரையைப் பார்ப்பதில்லை, அவர் தன் பிள்ளை மிட்டாய்ப் பக்கம் கை நீட்டுவதைத் தடுத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் முன்கூட்டியே ஒரு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள்: இந்தக் கடையில் ஊர் அமைப்பின் பெயர் இருந்தால் சரி, பெயர் இல்லாவிட்டால் வேண்டாம், இந்த மாதம் கை இறுக்கமாக இருந்தால் எதுவானாலும் வேண்டாம். முடிவோடு போகிறவருக்குக் கூச்சம் வராது. அமைப்பு சரியானதா என்று பார்க்க ஐ.ஆர்.எஸ். இணையதளத்தில் வரிவிலக்குப் பெற்ற அமைப்புகளைத் தேடும் பக்கம் இருக்கிறது, பெயரைப் போட்டால் 501(சி)(3), அதாவது வரிவிலக்குள்ள தொண்டு அமைப்பு, என்ற தகுதி இருக்கிறதா என்று தெரியும். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் பதிவைத் தேடலாம். ஒரு தடவை பார்த்தால் போதும், ஒவ்வொரு வாரமும் வேண்டாம்.

இன்னொரு சின்னக் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 2025 நவம்பர் 12ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவில் கடைசியாக ஒரு சென்ட் நாணயங்களை அடித்து நிறுத்திவிட்டார்கள். அதனால் ரொக்கமாகக் கொடுத்தால் சில கடைகள் மொத்தத்தை ஐந்து சென்ட்டுக்கு ஏற்றியோ இறக்கியோ வாங்குகின்றன. அது சில்லறைத் தட்டுப்பாட்டுக்காகச் செய்வது, தொண்டுக்குப் போகும் காசு இல்லை. சில்லறை இல்லை என்று சாக்லேட்டைக் கையில் திணிக்கும் நம்மூர் பழக்கத்துக்கு இது அண்ணன் தம்பி முறை. அம்மா இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடப் போகிறார்.

சரி, கடை அண்ணாச்சி. தாராளமாகச் செய்யலாம், செய்ய வேண்டும் என்றே சொல்வேன், எங்கள் ஃபுட் ஷெல்ஃபுக்கு வரும் நம் நாட்டுக் குடும்பங்கள் பருப்பும் அரிசி மாவும் கேட்டுத் தயங்கி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர் முதலில் செய்ய வேண்டியது ஃபுட் ஷெல்ஃபுக்குப் போய்ப் பேசுவது. அவர்கள் பெயரைப் பயன்படுத்த அனுமதி, எந்த மாதம், பணம் எந்தத் தேதிக்குள் வரும் என்று ஒரே ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளட்டும். நாலு மாதம் காசோலைக்குக் காத்திருந்தவள் சொல்கிறேன், அந்த ஒரு பக்கத்தை விட்டுவிட வேண்டாம்.

அடுத்தது கல்லா மென்பொருள். நன்கொடைக்கு வரி இல்லாத தனிக் குறியீடு ஒன்று உண்டாக்கச் சொல்லுங்கள், விற்பனையோடு கலக்கக் கூடாது, கலந்தால் வருடக் கடைசியில் அவருடைய கணக்காளர் அந்தப் பணத்துக்கும் சேர்த்து வருமானம் காட்டிவிட்டுப் பிறகு தலையைப் பிய்த்துக்கொள்வார். பில்லில் ஃபுட் ஷெல்ஃபின் முழுப் பெயர் அச்சாக வேண்டும். கார்டுக் கட்டணத்தைக் கடையே ஏற்றுக்கொள்கிறதா, அந்தக் காசிலிருந்து கழிக்கிறதா என்பதை எழுதி ஒட்ட வேண்டும். ஏற்றுக்கொள்வதுதான் அழகு, மாதத்துக்கு ஆகும் செலவு ஒரு மூட்டை உருளைக்கிழங்கு விலைகூட இருக்காது. மாதம் முடிந்து பத்து நாளுக்குள் காசோலை போய்விட வேண்டும், சேர்ந்த தொகையைக் கல்லாவுக்குப் பக்கத்தில் கையாலேயே எழுதி ஒட்டட்டும். நம் கடைகளில் ரொக்கம் அதிகம் என்பதால் ஓர் உண்டியலும் வைப்பார், வைக்கட்டும், ஆனால் அதைத் திறக்கும்போது இரண்டு பேர் இருந்து எண்ணி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். தம்பியோ மச்சானோ யாராக இருந்தாலும் தனியாக எண்ண வேண்டாம், இது அவர்களைச் சந்தேகப்பட்டுச் சொல்வதில்லை, நாளைக்கு யாரும் அவர்களைச் சந்தேகப்படக் கூடாது என்பதற்காக.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள் அவரிடம். அரசின் ஸ்நாப் உணவு உதவிக் கார்டில் பணம் கட்டுபவரிடம் இந்தக் கேள்வியே வரக் கூடாது. அந்தக் கார்டிலிருந்து நன்கொடை எடுக்கச் சட்டப்படியும் முடியாது. ஆனால் நான் சொல்வது சட்டத்துக்காக இல்லை. கல்லாவில் நிற்கும் பையன் வாயால் கேட்கிற கடை என்றால், எல்லோருக்கும் கேட்கும்படி "ஃபுட் ஷெல்ஃபுக்கு ஏதாவது கொடுக்கிறீர்களா?" என்று அவன் கேட்கும்போது, அதே ஃபுட் ஷெல்ஃபில் முந்தின நாள் வரிசையில் நின்றவர் எதிரில் நிற்கக்கூடும். மென்பொருளில் அந்தக் கார்டுக்குக் கேள்வியை அணைத்துவைக்கலாம். மற்றவர்களுக்கும் திரை கேட்கட்டும், பையன் கேட்க வேண்டாம்.

உங்கள் மகளுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அந்த மாதம் பில்லில் எந்த அமைப்பின் பெயர் இருந்ததோ அங்கே ஒரு ஃபோன் போடுங்கள். ஃபுட் ஷெல்ஃப் என்றால் சனிக்கிழமை காலையில் முட்டை அட்டைகளைத் திறந்து உடைந்தது இருக்கிறதா என்று பார்த்து அடுக்க எப்போதும் ஆள் வேண்டும். எங்கள் இடத்தில் ஒன்பது வயதுப் பிள்ளைகளை அப்பாவோ அம்மாவோ கூட இருந்தால் சேர்த்துக்கொள்கிறோம், ஒவ்வொரு இடத்திலும் விதி வேறு என்பதால் கேட்டுவிட்டுப் போங்கள். பாட்டியையும் கூட்டிப் போங்கள். குளிர் சாமான் அறையில் நிற்க வேண்டியிருக்கும், அவருக்கு ஒரு ஸ்வெட்டர் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.